அரை நொடி பிந்திய பொத்தான்

லிஃப்ட் கதவு மூடப்போகும் நேரத்தில் அவள் பாய்ந்து உள்ளே வந்தாள். மழையில் நனைந்திருந்த அவளுடைய பை மோதி, அவன் வலது கையிலிருந்த குடை கீழே விழுந்தது. மன்னிப்புக் கேட்டபடி எடுத்துக் கொடுக்கக் குனிந்தாள்.

"விடுங்க. நானே எடுத்துக்குவேன்."

விரல்கள் மடங்க மறுத்தன... மாடிகள் கடந்தன. கடைசியில் இடது கையால்தான் எடுத்தான். அந்தக் கண்களில் கோபம் இருந்தது, கெஞ்சல் இல்லை. அது அவளுக்குப் பிடித்திருந்தது.

இருவரும் ஒரே கதவுக்குள் நுழைந்தார்கள். பக்கவாதம் வந்தவர்களுக்கான பயிற்சிக்கூடம். அவள்தான் அவனுக்குப் பயிற்சி கொடுப்பவள்.

அவன் கிரேன் ஓட்டுபவன். இப்போது மார்புத் தோலுக்கடியில் ஒரு சிறு கருவி. அதிலிருந்து ஒரு மெல்லிய கம்பி கழுத்து நரம்புவரை போயிருந்தது. அவன் மரக்கட்டையைப் பிடித்துத் தூக்கும்போது, பிடி சரியாக அமையும் கணத்தில் அவள் பொத்தானை அழுத்த வேண்டும். நரம்பு வழியே போகும் துடிப்பு, 'இதுதான் சரி, இதை வைத்துக்கொள்' என்று மூளைக்குச் சொல்லும். அரை நொடி பிந்தினால் வீண். பிந்தாததில் அவளுக்குத் தனிப் பெருமை உண்டு.

வேலை செய்யும் இடத்தில் அவன் கையைச் சோதிக்கப் போகிறார்கள். தவறினால் இனி கிரேன் மேலே ஏற முடியாது. அவன் பல்லைக் கடித்துக்கொண்டு பழகினான். விரல்கள் மெல்ல மடங்கத் தொடங்கின. இடையிடையே உயரத்திலிருந்து பார்க்கும் மழையைப் பற்றிச் சொன்னான்... அவள் கேட்டுக்கொண்டே இருந்தாள்.

ஒருநாள் கட்டை நழுவி விழுந்த பிறகு பொத்தான் அழுந்தியது. கழுத்துத் துடிப்பில் அவனுக்குத் தெரிந்துவிட்டது.

"பரிதாபப்பட்டு அழுத்துனீங்களா?"

அவள் குனிந்து கட்டையை எடுத்து வைத்தாள். மறுநாள் அவள் இடத்தில் மூத்த பயிற்சியாளரான அக்கா உட்கார்ந்திருந்தார். ஏன் என்று கேட்க அவனுடைய ரோஷம் விடவில்லை.

சோதனை முடிந்த அன்று மாலை, நேராக வந்து வராந்தாவில் அவளை மறித்தான்.

"தேறாதுன்னுதானே கை கழுவுனீங்க? இன்னைக்கு மேல ஏறி ஓட்டிட்டு வந்திருக்கேன்."

அவள் கண்கள் மின்னின. "உங்க கை தேறும்னு எனக்குத் தெரியும். நான்தான் தேறல..."

"புரியல."

"கட்டையைப் பார்க்க வேண்டியவ, உங்க முகத்தைப் பார்த்துட்டு இருந்தேன். பட்டன் என்கிட்டயே இருந்தா உங்க கை கெட்டுப்போயிருக்கும். அதான் அக்காகிட்ட கொடுத்தேன்."

அவன் தன் வலது கையைப் பார்த்துக்கொண்டான்.

"எங்க வேலையில, கீழ நின்னு சிக்னல் காட்டுறவன் சுமையை விட்டுட்டு ஆளைப் பார்த்தா, அன்னைக்கே ஆளை மாத்திடுவோம்."

"நானே மாத்திக்கிட்டேன்ல?" தலை நிமிர்ந்தே சொன்னாள்.

அவன் சிரித்தான். வலது கையை நீட்டி அவள் விரல்களைப் பற்றினான். "எனக்கும் உங்களைப் பிடிச்சிருக்கு. மேல ஏறிட்டு வந்துதான் சொல்லணும்னு இருந்தேன்."

"இன்னும் கொஞ்சம் இறுக்கிப் பிடிங்க..."

"பயிற்சிக்கா?"

"இல்ல," என்றாள்.