தொட்டிலில் கட்டிய இறகு

பால்கனிக் கம்பியில் ஒரு கொம்பன் ஆந்தை உட்கார்ந்திருந்தது. புல்வெளியில் எலி பிடித்துத் திரிய வேண்டிய பறவைக்குக் கராகண்டி நகரத்து ஐந்தாவது மாடியில், அதுவும் பட்டப்பகலில், என்ன வேலை? தலையில் பனி குவிந்தும் அது உதறவில்லை. கண்ணாடிக் கதவு வழியாக அறைக்குள்ளேயே பார்த்துக்கொண்டிருந்தது.

அய்சுலுவுக்குப் பிள்ளை பிறந்து இன்னும் நாற்பது நாள் முடியவில்லை. கணவன் சுரங்கத்துக்குப் போயிருந்தான். கட்டிலுக்கு முன்னால் கிடந்த மரத்தொட்டிலில், வழக்கப்படி மேலே மூடிய ஏழு போர்வைக்கு அடியில் மகன் தூங்கினான். தொட்டில் கட்டையில் நாத்தனார் காப்பாகக் கட்டிவிட்டுப் போன ஆந்தை இறகுக் கொத்து தொங்கியது.

பக்கத்து வீட்டு ராவ்ஷானுக்கு போன் போட்டாள்.

“வாடகை விசாரிக்க வந்திருக்கும்டி,” என்று சிரித்தாள் ராவ்ஷான். “விரட்டிக்கிரட்டி வைக்காத. கடைத்தெருவுல இருக்கேன், பஸ் வந்ததும் வர்றேன்.”

பொழுது சாயச் சாய, வெந்நீர்க் குழாய் சுவருக்குள் முனகும் சத்தமும், கதவிடுக்கில் நுழைந்த நிலக்கரிப் புகை நாற்றமும், கண்ணாடியின் அந்தப் பக்கம் இமைக்காமல் எரிந்த அந்த இரண்டு ஆரஞ்சுக் கண்களும் சேர்ந்து அவளை இருக்கவிடவில்லை. திரையை இழுத்து மூடினாள். துணிக்குப் பின்னால் நகங்கள் கம்பியில் உரசின. கண்ணாடியில் அலகு தட்டியது. மறுபடியும் தட்டியது.

பிள்ளைக்குத்தான் வந்திருக்கிறது. அவளுக்குச் சந்தேகமே இல்லை. இறகுக் கொத்தை வெடுக்கென்று பிடுங்கினாள், கதவைத் திறந்தாள், வெளியே வீசினாள்.

“உன்னோடதை எடுத்துக்கிட்டுப் போயிடு. என் பிள்ளையை விட்டுடு.”

ஆந்தை அவளைப் பார்த்தது. பிறகு, போக மனமில்லாதது போல் மெல்லச் சிறகு விரித்து, பனிக்குள் மறைந்தது.

அப்பாடா என்று திரும்பினாள். மகன் கட்டிலின் மேல், துணி சுற்றிக் கிடந்தான். எப்போது தொட்டிலிலிருந்து எடுத்தோம்? பயத்தில் எடுத்துப் போட்டிருப்போம் என்று நினைத்துக்கொண்டாள். தோளில் சாய்த்துக்கொண்டு அடுக்களைக்குப் போனாள். அவன் சிணுங்கவே இல்லை.

போன் அடித்தது.

“பஸ் ஏறிட்டேன். போயிடுச்சா அது?”

“இறகைத் தூக்கி எறிஞ்சேன்க்கா. போயிடுச்சு.”

பஸ் இரைச்சலை மீறி ராவ்ஷான் குரலை உயர்த்தினாள்.

“எறிஞ்சியா? அது காவலுக்கு வர்றதுடி. பிள்ளையைப் பார்க்காது. பிள்ளைக்கிட்ட வர்றதைத்தான் பார்க்கும். எங்கே பார்த்துச்சு, சொல்லு.”

அய்சுலு யோசித்தாள். தொட்டிலையா? இல்லை. தொட்டிலுக்கு மேலாக. பின்னால்.

“கட்டிலை,” என்றாள்.

அறையில் தொட்டில் ஆடும் சத்தம். கிறீச். கிறீச். வெறுந்தொட்டிலை யாரும் ஆட்டமாட்டார்கள்.

பிறகு அழுகை. பசி அழுகை. ஏழு போர்வைக்கு அடியிலிருந்து.

அவள் மார்பில் பால் சுரந்து சட்டை நனைந்தது.

தோளில் கிடந்தது அசையவில்லை. கழுத்தோரம் அதன் மூச்சு பட்டது. சில்லென்று.