நூற்று நான்கு பாட்டில்கள்

டெலிபோன் அலறியது.

காலை ஏழு நாற்பது. இன்ஸ்பெக்டர் அப்போதுதான் டீயில் உதடு வைத்திருந்தாள்.

"மேடம்! கார்பன் பிடிக்கிற ப்ளான்ட் மேனேஜர் பேசறேன்! எங்க லேப்காரர் வால்வு குழிக்குள்ள செத்துக் கிடக்கார்! கேஸ் லீக்! வால்வைத் திறந்து விட்டது ஆபரேட்டர். அவனை உடனே உள்ள தள்ளணும்!"

டீயைக் கீழே வைத்தாள். பிணத்தோடு சேர்த்துக் குற்றவாளியையும் பொட்டலம் கட்டித் தருகிறவர்களை அவளுக்குப் பிடிக்காது.

ப்ளான்ட் வாசலில் ஆம்புலன்ஸ் எதிரே வந்தது. நிறுத்தினாள். நர்ஸ் அவள் காதில் ஏதோ சொன்னாள்.

"அப்படியா...? சைரன் போடாமப் போங்க."

உள்ளே, ஆபரேட்டர் தரையில் உட்கார்ந்து அழுதுகொண்டிருந்தான். மூச்சை அடக்கிக்கொண்டு குழிக்குள் இறங்கி, லேப்காரரை மேலே தூக்கியவன் அவன்தான்.

"அவர் என் அக்கா புருஷன் மேடம்! நான் வால்வைத் தொடவே இல்ல... அக்காகிட்ட எந்த முகத்தோட போவேன்?"

ஒரே நாளில் புருஷனும் போய், தம்பியும் ஜெயிலுக்குப் போனால் அக்கா என்ன ஆவாள் என்று விம்மினான். இன்ஸ்பெக்டர் வாய் வரை வந்ததை விழுங்கிக்கொண்டாள்.

மேனேஜர் கோட்டும் டையுமாக வந்தார். பத்து மணிக்குச் சுற்றுச்சூழல் விருதுக் குழு வருகிறதாம்!

"கார்பன் டை ஆக்சைடு காத்தைவிட கனம் மேடம். குழிக்குள்ள தங்கிடும். மூச்சு முட்டிப் போயிட்டார், பாவம்!" என்றவர் டையைச் சரிசெய்துகொண்டார்.

"அந்த கேஸ் எங்கேர்ந்து வருது?"

"அமீன்னு ஒரு ரசாயனத் திரவம் பிடிச்சுத் தருது! பேக்டரிப் புகையை உள்ள விட்டா, ஜில்லுன்னு இருக்கிறப்ப கார்பன் டை ஆக்சைடை உறிஞ்சிக்கும். அடுத்த டவர்ல காய்ச்சினா கக்கிடும். ரெண்டு வருஷமா ஒரு நாள் நிக்கல!"

லேபுக்கு அழைத்துப் போனார். அலமாரி நிறைய பாட்டில்கள். திங்கட்கிழமைதோறும் ஓடுகிற திரவத்தில் ஒரு பாட்டில் பிடித்து, தேதி ஒட்டி வைப்பது லேப்காரரின் வழக்கம். நூற்று நான்கு பாட்டில்கள்.

"பாருங்க மேடம், பளிங்கு! முதல் வாரத்துக்கும் இந்த வாரத்துக்கும் துளி வித்தியாசம் உண்டா? அதான் எங்க தரம்!"

பின்னால் வந்த ஆபரேட்டரின் அழுகை சட்டென்று நின்றது.

"என்ன தம்பி?"

"நான் இங்க சேர்ந்து பத்து நாள்தான் மேடம். முன்னாடி இருந்த ப்ளான்ட்ல... புகையைத் தின்னு, சூடாகி, திரும்பத் திரும்பச் சுத்தி, ஆறே மாசத்துல இது கொதிச்ச டீ மாதிரி பழுப்பாயிடுச்சு. இது... புதுசாவே இருக்கே!"

மேனேஜர் அவசரமாக அலமாரியைச் சாத்தினார்.

"ஆக," என்றாள் இன்ஸ்பெக்டர், "இந்தத் திரவம் புகையைப் பார்த்ததே இல்ல. புகை நேரா வானத்துக்குப் போகுது. விருதுக் குழுகிட்ட இந்த பாட்டில்களைக் காட்டப் போறேன்னு லேப்காரர் உங்ககிட்ட சொல்லியிருப்பார்!"

"கற்பனை!"

"இருக்கலாம். எனக்கு ஒரே சந்தேகம்தான். இங்க பிடிபடாத கேஸ், இங்க எப்படி சார் லீக் ஆகும்?"

குழியைப் பார்க்கப் போயிருந்த ஏட்டு மூச்சிரைக்க ஓடி வந்தார்.

"மேடம்! குழிக்குப் பின்னால தார்ப்பாய் போட்டு மூடி, நாலு கேஸ் சிலிண்டர்! சோடா கம்பெனி முத்திரை!"

இன்ஸ்பெக்டருக்குச் சிரிப்பு வந்தது.

"கார்பன் டை ஆக்சைடு பிடிக்கிற ப்ளான்ட்டு, அதைக் கடையில வாங்கியிருக்கு!"

"நான்தான் வாங்கினேன்னு யார் சாட்சி?" மேனேஜர் சீறினார். "அவரைக் குழிக்கு வரச் சொன்னது நான்னு யார் சொல்வா? செத்தவன் எழுந்து வந்து சொல்வானா?"

"வர முடியாது சார். ரெண்டு நாள் நடக்கக் கூடாதுன்னு நர்ஸ் சொல்லிட்டாங்க."

"மேடம்...!" ஆபரேட்டர் துள்ளிக் குதித்தான்.

"உயிரோட இருக்கார் தம்பி. மன்னிச்சுக்கோ, இவர் வாயைத் திறக்கற வரைக்கும் அவர் செத்தே இருக்க வேண்டியதாப் போச்சு! நீ தூக்கினதாலதான் பிழைச்சார்."

"அது மட்டுமில்ல மேடம்," ஏட்டு இடைமறித்தார். "சோடா கம்பெனிக்கு போன் போட்டேன். நாலுல மூணு அவங்க கைவிட்டப்பவே காலியாம்! கேஸ் குழி நிறையப் போதல. எவனோ தரகன் இவர் தலையில கட்டியிருக்கான்!"

விலங்கு மாட்டும்போது இன்ஸ்பெக்டர் பரிதாபமாகப் பார்த்தாள்.

"வெறும் டவரைக் காட்டி ரெண்டு வருஷம் ஊரை ஏமாத்தின உங்களையே, வெறும் சிலிண்டரைக் காட்டி ஒருத்தன் ஏமாத்திட்டானே சார்! ஒரு புகார் எழுதிக் கொடுங்க... அவனையும் உடனே உள்ள தள்ளிடறேன்!"