அவசரக்கார விதவை

கார் வந்து இறங்கியபோது பனி கொட்டிக்கொண்டிருந்தது. டொலார்ட்-டெஸ்-ஓர்மோ என்ற புறநகரின் அந்தத் தெருவில் எல்லோருடைய வாசலிலும் வேலைக்குப் போய் வருகிற கார்கள்தான் நிற்கும். டனிஸ்ரனின் வாசலில் மட்டும், இழுவை வண்டியின் முதுகிலிருந்து, தெருவில் ஓட அனுமதியே இல்லாத ஒன்று இறங்கியது. நீண்ட மூக்கு. பின்னால் இரண்டு பெரிய டயர், முன்னால் சைக்கிள் சில்லுப் போல இரண்டு. நேர்கோட்டில் கால் மைல் பாய்வதற்கென்றே அறுபதுகளில் செய்த பந்தயக் கார். அதற்கு மேல் அதற்கு ஒரு வேலையும் தெரியாது.

"இதில கடைக்காவது போய் வரலாமோ?" என்று கேட்டாள் கௌரி.

"போகேலாது. இது வைச்சுப் பாக்கிறதுக்கு."

கல்யாணத்தன்றுகூடத் தன் புருஷனின் முகம் இப்படி மலர்ந்ததில்லை என்று கௌரிக்குப் பட்டது. கொஞ்சம் எரிச்சலாகவும் இருந்தது.

சிவப்புக் கதவில் மஞ்சள் எழுத்தில் பிரெஞ்சுப் பெயர் ஒன்று: லா வெவ் ப்ரெஸே. அவசரக்கார விதவை. பந்தயக்காரர்கள் இப்படித்தான் தலைகால் புரியாமல் பெயர் வைப்பார்கள் என்று டனிஸ்ரன் சொன்னான். கார் திருத்தும் இடத்தில் வேலை செய்பவனுக்கு இதெல்லாம் அத்துப்படி. போனில் பழைய படங்களைக் காட்டினான். ஒன்றில் 'பிசாசின் பால்காரன்'. இன்னொன்றில் 'நிலாவின் மருமகன்'. மகள் ஆர்த்திகாவுக்கு ஐந்து வயது. அவள் நிலாவின் மருமகனைக் கேட்டு விழுந்து விழுந்து சிரித்தாள்.

கௌரிக்குச் சிரிப்பு வரவில்லை. "விதவை எண்டு எழுதின சாமானை ஆரும் வீட்டுக்குள்ள விடுவினமோ? முதல்ல அதை அழியுங்கோப்பா."

காரை விற்ற அக்னெஸ் என்ற கிழவி, பெயரை மட்டும் மாற்றாதே என்று கையைப் பிடித்துக்கொண்டு சொன்னவள்தான். செத்த புருஷனின் நினைவில் சொல்கிறாள் என்று டனிஸ்ரன் நினைத்தான். ஊரில் வான் வாங்கினாலும் லொறி வாங்கினாலும் நெற்றியில் பிள்ளையின் பெயரைத்தான் எழுதுவார்கள். அவன் தகப்பனின் மினிபஸ்ஸில் அவன் பெயர்தான் ஓடியது. எனவே விதவையைத் தேய்த்து எடுத்துவிட்டு, அதே இடத்தில் அதே மஞ்சளில், தன் கையாலேயே 'ஆர்த்திகா' என்று எழுதினான். சில்லுகளுக்குக் கீழே தேசிக்காய் வைத்து, கற்பூரம் காட்டி, காரைத் தள்ளி நசித்தார்கள். பிள்ளை கைதட்டியது. எல்லாம் முறைப்படி முடிந்தது என்ற திருப்தியோடு கௌரி தேத்தண்ணீர் போடப் போனாள்.

அடுத்த நாள் மாலை, நாலரைக்கே இருட்டிவிட்ட குசினியிலிருந்து அவள் கூப்பிட்டாள்.

"ஆர்த்திகா, சாப்பிட வா!"

முதுகைக் காட்டிக்கொண்டு படம் கீறிய பிள்ளை திரும்பவில்லை. தரைக்குக் கீழே, கராஜுக்குள், ஏதோ ஒருமுறை இருமியது.

அந்தக் காரில் ஒரு சொட்டுப் பெற்றோல் இல்லை. பற்றரியும் இல்லை.

"ஆர்த்திகா!"

மறுபடியும் இருமல். இந்தத் தடவை கொஞ்சம் சந்தோஷமாக.

பிள்ளை இப்போதுதான் திரும்பிப் பார்த்தது. "அம்மா, நீங்கள் ஆரைக் கூப்பிடுறீங்கள்?"

வெள்ளிக்கிழமை முருகன் கோயிலுக்குப் போனார்கள். அர்ச்சனைத் தட்டை வாங்கிக்கொண்டு ஐயர் வழக்கம்போலக் கேட்டார்: "பேர், நட்சத்திரம்?"

"ரோகிணி," என்றாள் கௌரி. நட்சத்திரம் வந்துவிட்டது. பெயர் வரவில்லை.

நாக்கு நுனியில்கூட இல்லை. இருந்த இடத்தையே துடைத்துவிட்டது போல இருந்தது. டனிஸ்ரனைப் பார்த்தாள். அவனும் வாயைத் திறந்து மூடினான். பின்னால் ஆட்கள் காத்து நின்றார்கள். பெற்ற பிள்ளையின் பெயரை மறந்த தாயை ஐயர் இரக்கத்தோடுதான் பார்த்தார்.

"பரவாயில்லை பிள்ளை, சுவாமி பேருக்குச் செய்யிறன்."

கற்பூர வாசத்துக்குள் பெற்றோல் நாற்றம் வந்தது.

வீட்டுக்கு வந்ததும் செருப்பைக்கூடக் கழற்றாமல் கராஜுக்கு ஓடினாள். கதவில் பெயர் பளிச்சென்று இருந்தது. ஆர்த்திகா. வாசிக்க முடிந்தது. முகத்தைத் திருப்பியதும் போய்விட்டது. பேனாவால் உள்ளங்கையில் எழுதிக்கொண்டு படியேறினாள். மேலே வந்து பார்த்தால் கையில் ஒன்றும் இல்லை. போனில் படம் எடுத்தாள். படத்தில் வெறும் சிவப்புக் கதவு.

டனிஸ்ரன் அன்றே அதைத் தேய்த்து அழிக்கப் போனான். கௌரி அவன் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"தொடாதேங்கோ! பிள்ளையின்ர பேர் இப்ப அங்க மட்டும்தான் இருக்கு. அதையும் அழிச்சா?"

அவன் தேய்க்கும் துணியைக் கீழே வைத்தான்.

திங்கட்கிழமை, கார்தரி என்ற பிள்ளைகள் காப்பகத்தில் பிள்ளையை எடுக்கப் போனபோது, மற்றப் பிள்ளைகள் எல்லாம் உள்ளே சூடாக உட்கார்ந்து பாட்டுப் பாடிக்கொண்டிருந்தார்கள். அவளுடையது வெளியே, வேலியோரம், பனிக்குள் நின்றது. கையுறை இல்லாத விரல்கள் நீலம் பாரித்திருந்தன. அழக்கூட இல்லை.

கதவைத் திறந்த ஆசிரியை புன்னகையோடு கேட்டாள்: "பொன்ஜூர் மதாம். இங்கே உங்களுக்குப் பிள்ளை இருக்கிறதா?"

கௌரி பிள்ளையைக் கோட்டுக்குள் வைத்துப் பொத்திக்கொண்டு காருக்கு ஓடினாள். சத்தம் போட்டு அழுதாள். அழுதுகொண்டே அக்னெஸுக்குப் போன் எடுத்தாள்.

"மாற்றிவிட்டீர்களா?" கிழவியின் குரல் நடுங்கியது. "பந்தயக்காரர்கள் ஏன் அப்படிப் பெயர் வைக்கிறார்கள் என்று நினைத்தாய்? பிசாசின் பால்காரன், அவசரக்கார விதவை... சிரிப்புக்கு என்றா? அப்படி ஒருவரும் உலகத்தில் இல்லை, மகளே. கூப்பிட்டால் திரும்ப ஆள் இல்லை. என் புருஷனின் தம்பி அதைக் கேட்கவில்லை. முதன்முதலில் அந்தக் கதவில் தன் மகளின் பெயரை எழுதினான். விதவை அதற்குப் பிறகு வந்தவள்."

"அந்தப் பிள்ளைக்கு என்ன நடந்தது?"

"எந்தப் பிள்ளை?" என்றாள் அக்னெஸ், உண்மையாகவே குழம்பி. "அவனுக்குப் பிள்ளைகள் இல்லையே."

கௌரி போனைக் கீழே போட்டாள்.

வீட்டில் டனிஸ்ரன் மேசையில் இரண்டு கோப்பை வைத்திருந்தான். இரண்டே இரண்டு. கௌரியின் கையைப் பிடித்துக்கொண்டு வந்த சிறுமியைப் பார்த்துச் சிரித்தான், விருந்தாளியைப் பார்ப்பது போல.

"ஆரின்ர பிள்ளை இது? நல்ல வடிவா இருக்கு."

அவள் அவனோடு கத்தவில்லை, விளங்கப்படுத்தவில்லை. அதற்கு நேரம் இல்லை என்று தெரிந்தது. நாளைக்குத் தானும் இதே கேள்வியைக் கேட்கக்கூடும். பிள்ளையைச் சோபாவில் இருத்தி, கம்பளியால் சுற்றிவிட்டு, கராஜுக்கு இறங்கினாள்.

விளக்கு எரியவில்லை. கார் சூடாக இருந்தது. குளிர்காலத்துக் கராஜில் அந்தச் சூடு முகத்தில் அடித்தது, பக்கத்தில் ஆரோ மூச்சு விடுவதைப் போல. ரப்பர் கருகும் மணம். போன் வெளிச்சத்தில் மஞ்சள் பெயின்ற் பேணியைக் கண்டுபிடித்துத் திறந்தாள்.

முதலில் பழைய பெயரை எழுதிப் பார்த்தாள். பிரெஞ்சில் எழுதினாள், தமிழிலும் எழுதினாள். ஒட்டவில்லை. எண்ணெய்க் கையில் தண்ணீர் உருளுவதைப் போல விதவை உருண்டு தரையில் சொட்டினாள். பிசாசின் பால்காரனை எழுதினாள். அவனும் சொட்டினான்.

கார் இருமியது.

பொறுமையில்லாமல் இருமியது.

அதற்கு இனி இல்லாத ஆட்கள் வேண்டாம் என்று கௌரிக்கு விளங்கியது. மேலே பிள்ளை சிணுங்குவது கேட்டது. வர வர அது தூரத்து வீட்டுப் பிள்ளையின் குரலாக மாறிக்கொண்டிருந்தது. யோசித்திருந்தால் அவள் கை பின்வாங்கியிருக்கும். அவள் யோசிக்கவில்லை. மகளின் பெயருக்கு மேலேயே, குழந்தைப்பிள்ளை எழுதுவதைப் போலக் கோணல்மாணலாக, எழுதினாள்.

கௌரி.

பெயின்ற் ஒட்டியது.

அடியில் இருந்த எழுத்துகள் ஒவ்வொன்றாக மங்கி மறைந்தன. கடைசி எழுத்தும் போனபோது அவளுக்குள் எங்கோ ஒரு கதவு மெதுவாகச் சாத்திக்கொண்டது. வலிக்கவில்லை. அதுதான் பயமாக இருந்தது.

மேலே டனிஸ்ரனின் குரல் கேட்டது: "ஆர்த்திகா! ஐயோ, ஏன் பிள்ளைக்குக் கையெல்லாம் இப்பிடிக் குளிர்ந்துபோய்க் கிடக்கு? ஆர்த்திகாக்குட்டி!"

அவள் சுவரில் சாய்ந்து வாயைப் பொத்தி அழுதாள். எவ்வளவு அழகான பெயர். நாலு நாளாகத் தேடிய பெயர். ஆர்த்திகா, ஆர்த்திகா என்று தனக்குள்ளேயே சொல்லிப் பார்த்தாள். நாக்கில் நின்றது.

கராஜின் உட்கதவு திறந்தது. டனிஸ்ரன் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு நின்றான். பெயின்ற் அப்பிய கையோடு நின்றவளைப் பார்த்து ஒரு அடி பின்னால் போனான்.

"நீங்கள் ஆர்? என்ர வீட்டுக்குள்ள என்ன செய்யிறியள்?"

மரியாதையாகத்தான் கேட்டான். முன்பின் தெரியாத பெண்ணிடம் கேட்கும் மரியாதை. அவள் தன் பெயரைச் சொல்ல வாயெடுத்தாள். ஒன்றும் வரவில்லை. போகட்டும். பிள்ளை பிழைத்தது, அது போதும் என்று நினைத்தாள். நினைத்தபோதே நெஞ்சு வெடித்தது.

"அம்மா," என்றது பிள்ளை.

டனிஸ்ரன் திகைத்தான். பிள்ளை அவன் கையிலிருந்து வழுகி இறங்கி ஓடிவந்து அவள் காலைக் கட்டிக்கொண்டது. அந்தச் சூடு அவளுக்குள் ஏறியது. இது பெயரில்லையே. இதை ஆரும் கதவில் எழுதவில்லையே. இது ஒன்று தன்னிடம் மிஞ்சிவிட்டது என்று, அந்த நிமிடத்தில், அவள் உண்மையாகவே நம்பினாள்.

பின்னால் கார் மெதுவாக உறுமியது.

போன் வெளிச்சத்தில் கதவைத் திரும்பிப் பார்த்தாள். கோணல்மாணலான அந்தப் பெயருக்குக் கீழே, ஆர் கையும் படாமல், ஈரமான மஞ்சளில் ஒரு எழுத்து ஊறிக்கொண்டிருந்தது.

அ.

"அம்மா, ஏன் அழுறீங்கள்?"

ம்.

அவள் முழங்காலில் விழுந்து மகளின் வாயை இறுகப் பொத்தினாள். "கூப்பிடாத. என்ர செல்லம், கூப்பிடாத."

உள்ளங்கைக்குள் அந்தச் சின்ன உதடுகள் இன்னொருமுறை அசைந்தன.