உதறி எடுத்த கடலை

அந்தப் பெண்மணி விவசாய மானிய அலுவலகத்துக்குள் நுழைந்தபோது விசாரணை அதிகாரி தேநீரை ஆற்றிக்கொண்டிருந்தார். எதையும் ஆறவைத்துத்தான் குடிப்பார், ஆறப்போட்டுத்தான் பேசுவார். அலுவலகத்தில் அவருக்கு 'நிதானம்' என்றே பெயர். பக்கத்து மேசைத் தட்டச்சுக்காரம்மா அவருக்கு நேர் எதிர். வாசலில் செருப்புச் சத்தம் கேட்டாலே குற்றவாளி யார் என்று சொல்லிவிடுவார்.

வந்தவருக்குச் சொந்தமாகக் கொஞ்சம் நிலம். பயிர் நஷ்டமானால் அரசு தரும் மானியத்துக்கு மனுப் போட்டிருந்தார்.

"காய் தொங்கற நேரத்துல செடி மொத்தமும் வாடிடுச்சு சார். நோய் பரவிடுமோன்னு எரிச்சுட்டேன். இப்ப நான் பொய் சொல்றேன்னு யாரோ போன் பண்ணியிருக்காங்க."

மானியம் நின்றால் நிலத்தைக் குத்தகைக்கு விட்டுவிட்டு டவுனுக்கு வேலை தேடிப் போக வேண்டியதுதான் என்றார்.

அந்தத் தொலைபேசியை எடுத்தவர் தட்டச்சுக்காரம்மாதான். பெயர் சொல்லாத ஆண் குரல், வாயைத் துணியால் பொத்திக்கொண்டு பேசியதாம். அது சொன்னதை ஒரு சொல் பிசகாமல் ஒப்பித்தார்: "செடி ஒண்ணும் சாகல. என் கண்ணால பார்த்தேன். ஆள் வெச்சுப் பிடுங்கி, வேர்ல இருந்த கடலையை உதறி உதறி மூட்டை கட்டினாங்க."

நிதானம் தேநீரைக் கீழே வைத்தார். இவர்மேல் யாருக்குக் காட்டம் என்று விசாரித்தார். மூன்று பேர் தேறினார்கள். வரப்புத் தகராறில் பேச்சை நிறுத்திவிட்ட கணவரின் அண்ணன். பழைய பாக்கிக்காக முறைக்கும் விதைக்கடைக்காரர். நிலத்தைக் குத்தகைக்குக் கேட்டு நச்சரிக்கும் டிராக்டர்காரர்.

"அண்ணன்தான் சார், சந்தேகமே இல்ல. பக்கத்து வயல்காரர், தினமும் பார்க்கறவர்," என்றார் தட்டச்சுக்காரம்மா.

"தினமும் பார்க்கறவர்னா அவர் இல்லம்மா."

நிதானம் எழுந்துபோய் வாசலில் மானிய மனுக்களின் பட்டியல் ஒட்டியிருந்த அறிவிப்புப் பலகையைப் பார்த்துவிட்டு, சிரித்துக்கொண்டே திரும்பி வந்தார். தட்டச்சுக்காரம்மாவுக்கு அன்று முழுவதும் இருப்புக்கொள்ளவில்லை.

மறுநாள் காலை அந்தப் பெண்மணி ஒருபக்கம் நிற்க, மூவரும் ஒரே பெஞ்சில் நெருக்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். இந்தம்மா வயலில் அறுவடை நடந்திருந்தால் எத்தனை ஆள் தேவைப்பட்டிருக்கும் என்று மட்டும் நிதானம் கேட்டார்.

அண்ணன் ஜன்னலைப் பார்த்தபடி, அறுத்துக் களத்தில் அடிக்க மூன்று பேர் போதும் என்றார். விதைக்கடைக்காரரும் ஆமோதித்தார். டிராக்டர்காரருக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

"மூணு பேரா? பிடுங்கறதுக்கே நாலு பேர் வேணும். அப்புறம் மண்ணை உதறி, காயை ஆயணும்."

விதைக்கடைக்காரர் அவரை ஏற இறங்கப் பார்த்தார். "யோவ், நான் கொடுத்தது கொண்டைக்கடலை. அது வேர்லயா காய்க்கும்?"

டிராக்டர்காரர் முகத்தில் ஈயாடவில்லை.

நிதானம் விளக்கினார். போன் செய்தவர் அந்த வயலைப் பார்த்தவரே இல்லை. அண்ணன் தினமும் பார்க்கிறார். கடைக்காரர் விதை கொடுத்தவர். டிராக்டர்காரரோ உழுதுவிட்டுப் போனதோடு சரி, விதைப்புக்குப் பின் அந்தப் பக்கம் வரவில்லை. அவருக்குத் தெரிந்ததெல்லாம் அறிவிப்புப் பலகையில் இருந்த 'கடலை' என்ற ஒற்றைச் சொல்தான். இந்த வட்டாரத்தில் கடலை என்றால் நிலக்கடலைதானே.

"பட்டியல்ல கட்டம் சின்னது சார்," தட்டச்சுக்காரம்மா மெல்ல முனகினார். "'கொண்டை' இடிச்சுது. விட்டுட்டேன்."

"விட்டதும் நல்லதாப் போச்சு," என்றார் நிதானம்.

புகார் பொய், மானியம் உண்டு என்று அவர் அறிவித்ததும் அந்தப் பெண்மணிக்குக் கண் நிறைந்தது. உள்ளுக்குள் அத்தனை சந்தோஷம். தலைகுனிந்து நின்ற டிராக்டர்காரரை என்ன செய்யலாம் என்று அந்தப் பெண்மணியிடமே கேட்டார் நிதானம்.

அவர் கண்ணைத் துடைத்துக்கொண்டார். "நாளைக்கு உழவுக்கு வண்டியை அனுப்பச் சொல்லுங்க சார். வாடகை கொடுத்துடறேன். நிலம் மட்டும் கிடையாது."