ஏர்பேக் இல்லாத ஸ்டியரிங்

சாவி மெக்கானிக்கின் சட்டைப்பையில் இருந்தது. ஆனாலும் வேறு ஆளில்லாத பட்டறைக்குள், அணைந்து கிடந்த அந்த ஜப்பான் ஸ்போர்ட்ஸ் காரின் டர்போ மீட்டர் முள், தூக்கத்தில் துடிக்கும் இமை மாதிரி அசைந்துகொண்டிருந்தது. பெட்ரோல் வாடை, சூடான ரப்பர் வாடை, அவற்றுக்கு அடியில், எத்தனை தடவை தேய்த்துக் கழுவியும் சீட்டை விட்டுப் போகாத இன்னொரு வாடை. மெக்கானிக் முகத்தைத் திருப்பிக்கொண்டான்.

வேகம் கூட்ட டர்போவைப் பெரிதாக்கியது அவன். கம்பெனி ஸ்டியரிங்கைக் கழற்றிப் போட்டுவிட்டு, எடுப்பாக இருக்கிறதென்று ஏர்பேக் இல்லாத சின்ன ரேஸ் ஸ்டியரிங்கைப் பூட்டியதும் அவன்தான். ஓட்டிப் பார்த்தது, அதே பட்டறையில் நகக்கண்ணில் கிரீஸோடு வேலை பார்த்த அவனுடைய தம்பி. மரத்தில் மோதியபோது அந்த ஸ்டியரிங் தம்பியின் நெஞ்சுக்குள் இறங்கியது. இப்போது முன்பக்கத்தை மாற்றி, பெயின்ட் அடித்து, அதே ஸ்டியரிங்கோடு விற்கிறான். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கிற வேலைதான். ஆனால் வண்டி கண்ணை விட்டுத் தொலைந்தால் போதுமென்றிருந்தது அவனுக்கு.

சாயங்காலம் வாங்க வந்தவன் புதுமாப்பிள்ளை. பானெட்டைத் தடவிய கையில் தம்பிக்கிருந்த அதே ஆசை.

"அண்ணே, எங்கயாவது அடிபட்ட வண்டியா?"

"சேச்சே! ஒரு கீறல்கூட இல்ல தம்பி."

'தம்பி' என்றதும் நாக்கு கூசியது.

புதுமாப்பிள்ளை ஓட்ட, மெக்கானிக் பக்கத்தில் உட்கார்ந்தான். ஊருக்கு வெளியே சாலை காலியாகக் கிடந்தது, வெளிச்சம் மங்கிக்கொண்டிருந்தது. மிதித்ததும் டர்போ சீறியது. காலைத் தளர்த்தியதும் 'உஸ்ஸ்' என்று காற்றை விட்டது. ஸ்டியரிங்கை நெஞ்சிலிருந்து விலக்கியபோது தம்பியின் கடைசி மூச்சு இப்படித்தான் வந்தது.

மறுபடியும் மிதித்தான். உஸ்ஸ்.

இந்தப் பிள்ளையையும் கொன்றுவிடுவேனோ? மெக்கானிக் அவன் தோளைப் பிடித்தான்.

"நிறுத்துப்பா! பொய் சொல்லிட்டேன். அடிபட்ட வண்டிதான். என் தம்பி இதுலதான் போனான். இந்த ஸ்டியரிங்... நான் மாட்டுனது."

புதுமாப்பிள்ளையின் முகம் வெளுத்திருந்தது.

"அண்ணே, நான் அப்பவே காலை எடுத்துட்டேன்."

வேகம் குறையவில்லை. கூடியது.

"பிரேக்கைப் போடு!"

"போட்டுக்கிட்டுதான்ணே இருக்கேன்!"

எதிரே வளைவு. மரங்கள். ஸ்டியரிங்கைப் பிடிக்க மெக்கானிக் கையை நீட்டினான். நீட்டிய கை பாதியில் நின்றது.

ஸ்டியரிங்கில் நான்கு கைகள்.

இரண்டு நடுங்கின. நகக்கண்ணில் கிரீஸ் அப்பிய மற்ற இரண்டும் நடுங்கவில்லை. மெக்கானிக் உட்கார்ந்திருந்த பக்கம் மரத்தில் படும்படி, நிதானமாக, வண்டியைத் திருப்பின.