முகாமுக்கு முன்னால் ஒரு பட்டைப் புல்

காலை பத்து மணிக்குத் துடைத்த இடம் மதியம் ஒரு மணிக்கும் ஈரமாகவே இருந்தது. எச்சில் காய எவ்வளவு நேரம் ஆகும்? மிஞ்சிப்போனால் இரண்டு நிமிடம். அறையில் ஏசி வேறு ஓடிக்கொண்டிருந்தது.

அருங்காட்சியகத்தில் பழைய ஓவியங்களைச் சுத்தம் செய்வது அவள் வேலை. குச்சியில் பஞ்சைச் சுற்றி, நாக்கில் நனைத்து, அழுக்கின் மேல் மெல்ல உருட்ட வேண்டும். எந்த மருந்தும் எச்சில் அளவுக்குப் பதமாக வேலை செய்யாது. இதற்காக அலுவலகமே அவளை 'எச்சில் டாக்டர்' என்று கூப்பிடும். கேட்டுக் கேட்டுக் காது புளித்துவிட்டது. மூன்று வருடமாகத் தற்காலிக வேலை. நாளைய கண்காட்சிக்கு இந்தப் படம் தயாரானால்தான் நிரந்தரம் என்று சொல்லியிருந்தார்கள்.

வரைந்தவன், கடல் கடந்து நாடு பிடிக்க வந்த படையில் ஒரு சிப்பாய். சண்டைக்கு மறுநாள் முகாம் இருந்த கோலத்தை அங்கேயே உட்கார்ந்து தீட்டியிருக்கிறான். வரிசையாக வெள்ளைக் கூடாரங்கள், கயிற்றில் காயும் சட்டைகள், பீப்பாயிலிருந்து தண்ணீர் மொண்டு நிதானமாக முகம் கழுவும் அதிகாரி, எல்லாவற்றுக்கும் முன்னால் ஒரு பட்டைப் புல். அந்தப் புல்லில்தான் பழுப்புக் கறை.

கண்காணிப்பாளர் கதவைத் திறந்து தலையை மட்டும் நீட்டினார்.

"என்னம்மா, கறை போச்சா?"

"இல்ல சார். தொடைக்கத் தொடைக்கப் பெருசாகுது. புல்லை அப்புறமா மேல பூசியிருக்காங்க. அடியில வேற என்னமோ இருக்கு."

"அடியில என்ன இருந்தா நமக்கென்ன? சாயங்காலத்துக்குள்ள முடி. முடியலைன்னா சொல்லு, வேற ஆளைப் பாத்துக்கறேன்."

கதவைச் சாத்திவிட்டுப் போனார். அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. வேற ஆளாம்! அந்த எரிச்சலில், இந்தத் தொழிலில் யாருமே செய்யக் கூடாததைச் செய்தாள். படத்தில் உருட்டிய பஞ்சையே மறுபடி வாயில் வைத்துவிட்டாள்.

மண், உப்பு, வெடிமருந்துக் கரி. துப்பப் போனால் துப்ப எதுவும் இல்லை. பாட்டில் தண்ணீரை ஒரே மூச்சில் குடித்தாள். தண்ணீர் தொண்டையில் இறங்கியது, ஆனால் நாக்கு நனையவில்லை.

படத்தில் பச்சை தானாகவே உரிந்து வந்துகொண்டிருந்தது. அதன் அடியில் ஒரு வாய். அரிசி அளவுதான், ஆனால் நன்றாகத் திறந்திருந்தது. பக்கத்தில் இன்னொன்று. முகாமைப் பார்த்துத் தலை வைத்து, வரிசையாகப் படுத்திருக்கும் மனிதர்கள்.

சட்டத்தைத் திருப்பினாள். பின்புறம் ஒட்டியிருந்த தாளில் சிப்பாயின் சாய்ந்த கையெழுத்து. நேரமில்லை என்று காலையிலிருந்து அதைப் படிக்காமல் விட்டிருந்தாள்.

'எதிரிகளில் காயம்பட்டவர்கள் நாற்பது பேர். தண்ணீர் தரக் கூடாது என்று உத்தரவு. இரவெல்லாம் கேட்டுக்கொண்டே இருந்தார்கள். தளபதி சொன்னபடி புல் வரைந்துவிட்டேன்.'

போதும். வேலை போனால் போகட்டும். குச்சியைக் கீழே போட்டுவிட்டுப் படத்தை மறுபடி முன்பக்கமாகத் திருப்பி வைத்தாள்.

சப்.

யாரோ உதட்டை நக்கும் சத்தம். ஈரமான வாய்களை எண்ணினாள். பதினொன்று. அவள் தொடவேயில்லை. பன்னிரண்டு. பதின்மூன்று. அவள் நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொண்டது. உதடு வெடித்தது. ரத்தம்கூட வரவில்லை. முப்பது. கத்த வேண்டும். கத்த முடியவில்லை. முப்பத்தொன்பது.

கதவு திறந்தது.

"அட, பிரமாதம்மா!" கண்காணிப்பாளர் படத்துக்கு மேல் குனிந்தார். "இத்தனை ஆளுங்களா? நாளைக்குக் கூட்டம் அள்ளப்போகுது. எல்லாம் பளபளன்னு இருக்கு. இந்த ஓரத்துல ஒண்ணுதான் காஞ்சு கிடக்கு. இதுக்குத்தான் மூஞ்சியை இப்படி வச்சிருக்கியா?"

கோப்புகளைப் புரட்டும் பழக்கத்தில், அவர் ஆள்காட்டி விரலை நாக்கில் தொட்டார்.

அவள் தலையை ஆட்டினாள். வேண்டாம். வேண்டாம் சார். வாயைத் திறந்தாள். வெறும் காற்று.

விரல் நாற்பதாவது வாயில் பட்டது. அவர் சிரித்தார். விரலை இழுத்தார். வரவில்லை. மறுபடி இழுத்தார்.

படத்துக்குள் நாற்பது தலைகளும் மெதுவாக அவர் பக்கம் திரும்பி, வாயை இன்னும் அகலமாகத் திறந்தன.