பார்த்தாச்சு

ஆப்பில் செய்த மாற்றத்தை அனுப்பிவிட்டு, ஆறிப்போன டீயை எடுக்க இளமதி கையை நீட்டினாள். அதற்குள் திரையில் பச்சை நிறத்தில் ஒரு வரி வந்து நின்றது.

பெலிக்ஸ்: பார்த்தாச்சு.

கை டம்ளருக்குப் போகாமல் பாதியில் நின்றது. அந்த வரியை அவளேதான் போட வேண்டும். மூன்று மாதமாக அப்படித்தான். ஒருவர் எழுதிய நிரலை இன்னொருவர் படித்து அப்ரூவ் செய்தால்தான் அது ஊரில் இருக்கிற போன்களுக்குப் போய்ச் சேரும் என்பது அவர்கள் வேலை செய்யும் தளத்தின் விதி. எழுத அவளும் பெலிக்ஸும் என்று இரண்டே பேர். பெலிக்ஸ் போன பிறகு முதலாளி ரகுநாத் சார் வேறு ஆளைச் சேர்க்கவில்லை. அதனால் அவள் தன் பெயரில் எழுதி அனுப்புவாள், பிறகு திரையில் இன்னொரு ஜன்னலைத் திறந்து, தனக்குத் தெரிந்த அவன் பாஸ்வேர்டைப் போட்டு, அவன் பெயரில் உள்ளே போய், தன் மாற்றத்தைத் தானே அப்ரூவ் செய்துகொள்வாள்.

இன்றைக்கு அந்த ஜன்னலை அவள் இன்னும் திறக்கவே இல்லை.

மணி மூன்று நாற்பது. வெளியே விராலிமலை முழுக்க மதியத்திலிருந்து நனைந்துகொண்டிருந்தது. ரோட்டில் போகிற லாரிகளின் டயர் தண்ணீரைக் கிழித்துக்கொண்டு போகும் சத்தமும், மலைப்பக்கம் எங்கோ ஒதுங்கி நின்ற மயில் விட்டு விட்டு அகவுவதும், கீழ்வீட்டில் வெங்காயம் வதங்குகிற மணமும் ஜன்னல் வழியே கலந்து வந்தன. அதற்கு அடியில் இன்னொரு வாடை இருந்தது. காயாத வலையின் வாடை. கடல் இங்கிருந்து மூன்று பஸ் தள்ளி. கடல் வாடையே வேண்டாம் என்றுதான் மணமேல்குடியை விட்டு இந்த மாடி போர்ஷனுக்கு வந்திருந்தாள். எழுந்து ஜன்னலைச் சாத்தினாள். வாடை அதிகமானது.

ரகுநாத் சார்தான் ஏதாவது செய்து வைத்திருப்பார், தானாக அப்ரூவ் ஆகிறமாதிரி. அப்படி நினைத்துக்கொண்டு உட்கார்ந்தாள்.

திரையின் பக்கத்து ஜன்னலில் படகுப் பலகை திறந்திருந்தது. அவளும் பெலிக்ஸும் மணமேல்குடி மீனவர்களுக்கு எழுதிக்கொடுத்த ஆப் அது. கடலுக்குப் போகும்போது ஒரு பட்டன், கரைக்கு வந்ததும் ஒரு பட்டன். சாயங்காலம் ஐந்து மணிக்குள் இரண்டாவது பட்டனை அழுத்தாத படகு இருந்தால் குப்பத்தில் எல்லா போனும் ஒரே நேரத்தில் அலறும். அலறினால் பீட்டர் அண்ணன் தன் பெரிய படகை எடுத்துக்கொண்டு தேடப் போவார். இன்றைக்கு நாற்பத்திரண்டு படகில் நாற்பத்தொன்று பச்சை: கரை சேர்ந்தது. ஒன்று மட்டும் நீலம்.

படகு 17. ஆனந்தராஜ். கடலில்.

அது அவள் அண்ணன்.

திரை ஒருமுறை மினுங்கியது. அவள் பார்த்துச் சொல்வதற்காக ஒரு புது மாற்றம் வந்திருந்தது. அனுப்பியவர்: பெலிக்ஸ். தலைப்பு: படகு 17.

மூன்று மாதத்துக்கு முன்னால் இதேமாதிரி ஒன்று வந்தது. மழை நாளில் சிக்னல் போனால் போன் சும்மா சும்மா அலறுகிறது என்று குப்பத்தில் சலித்துக்கொண்டார்கள் என்பதற்காக பெலிக்ஸ் எழுதியது. 'ஏ மதி, படிச்சுட்டு சொல்லு. அவசரமில்ல' என்று எழுதியிருந்தான். அவள் அப்போது பஸ்ஸில் நின்றுகொண்டிருந்தாள். பத்து விநாடியில் 'பார்த்தாச்சு' என்று போட்டாள். ஒரு வரிகூடப் படிக்கவில்லை. அரைமணி நேரம் சிக்னல் இல்லாத படகை அந்த மாற்றம் கரை சேர்ந்த படகாக எண்ணிக்கொண்டது. மறுநாள் அதைச் சோதித்துப் பார்க்க பெலிக்ஸ் அவன் அப்பாவின் சின்னப் படகில் தனியாகப் போனான். சாயங்காலம் அவன் படகு பலகையில் பச்சையானது. யாரும் தேடவில்லை. அடுத்த நாள் மத்தியானம் பீட்டர் அண்ணனுக்குக் கிடைத்தது ஒரு மஞ்சள் கேன் மட்டும்.

படிக்காமல் போட்டதை அவள் இதுவரை யாரிடமும் சொல்லவில்லை.

பெலிக்ஸ் போனதும் அந்த மாற்றத்தை அவள் விலக்கியிருந்தாள். போன வாரம் மறுபடி இரண்டு தடவை போன் சும்மா அலறி, பீட்டர் அண்ணன் வெறுங்கடலைச் சுற்றிவிட்டு வந்து அவளைத் திட்டியிருந்தார். அதனால்தான் இன்றைக்கு பெலிக்ஸின் பழைய மாற்றத்தையே எடுத்துச் சரிசெய்து அனுப்பினாள். அந்தத் தப்பான வரியை எடுத்துவிட்டுத்தான் அனுப்பினாள். எடுத்ததாகத்தான் ஞாபகம்.

தலைப்பை அழுத்தினாள். திரையில் ஏழெட்டு வரிகள், பாதி சிவப்பு, பாதி பச்சை. சிவப்பு வரியில் 'கரை சேர்ந்தது' என்ற சொல் முதலில் கண்ணில் பட்டது. பக்கத்திலேயே 17. அதற்கு மேல் பார்க்க முடியவில்லை. பெலிக்ஸைக் கரை சேர்ந்தவனாக்கிய சொல் அது. இப்போது அண்ணன் எண்ணுக்குப் பக்கத்தில் வந்து உட்கார்ந்திருக்கிறது. படபடவென்று 'நிராகரி'யை அழுத்தினாள்.

போன் அடித்தது. அண்ணி செல்வராணி. பின்னால் காற்று இரைந்தது.

"மதி, ஒங்க அண்ணனைக் காணோம் ஆத்தா. ரெண்டு மணிக்கே வந்துருவேன்னாக. மத்த படகெல்லாம் ஏறிருச்சு."

"அண்ணி, அஞ்சு மணி வரைக்கும் நிக்காதீங்க. பீட்டர் அண்ணன்ட்ட இப்பவே போகச் சொல்லுங்க."

"சொல்லாம இருப்பேனா? போன வாரம் ரெண்டு தடவை சும்மா அலைய விட்டாளுல்ல ஒன் நாத்தனா, அவ கருவி கத்தட்டும், அப்பறம் கெளம்புறேன்ங்கிறாரு. வலையை அள்ளிக்கிட்டே நக்கலு வேற, விராலிமலையில ஒக்காந்துக்கிட்டு கடலை ஓட்டுறாளாம்னு."

"அண்ணி, அவரு காலைப் புடிச்சாவது..."

"அழுவாத. அஞ்சு மணிக்குக் கத்தும்ல? அதான் இருக்கே. அதை நம்பித்தானே எல்லாரும் கரையில நிக்கிறோம்."

போனை வைத்தபோது இரண்டாவது மாற்றம் வந்திருந்தது. பெலிக்ஸ். படகு 17. அதே வரிகள். நிராகரித்தாள்.

அண்ணிக்குத் தைரியமாக ஏதாவது எழுத வேண்டும் போலிருந்தது. விரல் எழுத்தில் நிற்கவில்லை. மைக்கை அழுத்தி, சொல்லச் சொல்ல போன் எழுதுவதைப் பார்த்தாள். அண்ணி பயப்படாதீங்க அண்ணே வந்துரும் நான் இங்க பலகைய பாத்துக்கிட்டே இருக்கேன். நிறுத்தினாள். அறையில் மழைச் சத்தம் மட்டும்தான்.

போன் எழுதிக்கொண்டே போனது.

படிச்சுட்டு சொல்லு

அவள் வாய் மூடியிருந்தது.

படிச்சுட்டு சொல்லு மதி தண்ணி குளிருது படிச்சுட்டு சொல்லு

போனைக் கட்டிலில் எறிந்தாள். திரை மேலே பார்த்துக் கிடந்தது. மைக் அணைந்துவிட்டது. போனை எடுத்து, கடைசி வரிகளை அழித்துவிட்டு, மேலே உள்ளதை மட்டும் அண்ணிக்கு அனுப்பினாள். வலை வாடை இப்போது அறைக்குள்ளேயே இருந்தது. வாசல் பக்கம் தரை ஈரமாக இருந்தது. மழைத் தண்ணீராக இருக்கும். விரலால் தொட்டு நாக்கில் வைத்தாள்.

உப்பு.

ரகுநாத் சாருக்குப் போன் போட்டாள். அவர் அன்னவாசலில் ஒரு கல்யாண மண்டபத்தில் இருந்தார். நாதஸ்வரம் காதைக் கிழித்தது.

"சார், பெலிக்ஸ் பேர்ல மாத்தம் வந்துக்கிட்டே இருக்கு சார்."

"என்னம்மா சொல்ற? அவன் கணக்கை இன்னும் எடுக்கலையா நீ?"

"இல்ல சார்."

"ஏம்மா, செத்துப்போன பய கணக்கை மூணு மாசமாவா வச்சிருக்குறது? எவனோ பாஸ்வேர்டைப் புடிச்சு வெளையாடுறான். இரு, போன்லயே எடுத்துவிட்டுர்றேன். சார்ஜு வேற மூணு பர்சென்ட்டுதான் கெடக்கு."

"சீக்கிரம் எடுங்க சார். எங்க அண்ணன் படகு சார்."

"எடுக்குறேன், எடுக்குறேன். பதறாத."

மணி நாலு முப்பத்தைந்து. பலகையில் நீலம் நின்றிருந்தது. அண்ணனின் சிக்னல் கடைசியாக வந்தது நாலு இருபத்தெட்டுக்கு.

மூன்றாவது மாற்றம் வந்தது. அதன் கீழே இந்த முறை ஒரு குறிப்பும் இருந்தது. 'என்னை எடுக்கச் சொல்லாத. படிச்சுட்டு சொல்லு.'

"வேணாம் பெலிக்ஸ்," என்றாள் சத்தமாக. "எங்க அண்ணனை விட்ரு. நான்தான் படிக்காமப் போட்டேன். என்னைய என்ன வேணாலும் பண்ணு. அவரை விட்ரு."

மாடிப்படியில் சத்தம். ஈரச் செருப்பு. ஒரு படி. நின்றது. இன்னொரு படி.

நிராகரித்தாள்.

நாலு நாற்பத்தொன்று. பெலிக்ஸ் என்ற பெயர் திரையில் எல்லா இடத்திலும் சாம்பல் நிறமானது. 'இந்தக் கணக்கு நீக்கப்பட்டது.' படியில் சத்தமும் நின்றது. வாடையும் குறைந்தமாதிரி இருந்தது. அவள் மேசையில் தலையை வைத்து, நெடுநேரத்துக்குப் பிறகு ஒரு முழு மூச்சை விட்டாள். இனி ஐந்து மணிக்குப் போன் அலறும். பீட்டர் அண்ணன் கிளம்பிவிடுவார். இருபது நிமிஷம்தான்.

நாலு ஐம்பத்தெட்டுக்கு நீலம் பச்சையானது.

படகு 17. ஆனந்தராஜ். கரை சேர்ந்தது.

அவள் எதையும் அப்ரூவ் செய்யவில்லை. மூன்றையும் நிராகரித்திருந்தாள். பச்சையையே பார்த்தாள். நாலு இருபத்தெட்டு. நாலு ஐம்பத்தெட்டு. சரியாக அரைமணி.

தான் மத்தியானம் அனுப்பிய மாற்றத்தைத் திறந்தாள். முதல் முறையாக ஒவ்வொரு வரியாகப் படித்தாள். பதினான்காவது வரியில் அது இருந்தது. சிக்னல் அரைமணி இல்லையென்றால், கரை சேர்ந்தது. எடுத்துவிட்டதாக நினைத்த வரி. இரண்டு இடத்தில் இருந்ததில் ஒன்றை மட்டும் எடுத்திருந்தாள்.

நிராகரித்த மாற்றத்துக்குப் போனாள். எழுத்துக்கள் மங்கி, படிக்கும் அளவுக்கு மட்டும் மிச்சமிருந்தன. சிவப்பு, எடுக்கப்படும் வரி. பச்சை, சேர்க்கப்படும் வரி. எட்டு வரிதான். அவன் சிவப்பாக்கியிருந்தது அந்தப் பதினான்காவது வரியை. படகு 17 காணாமல் போனால் உடனே போன் அலற வேண்டும் என்பதைத்தான் பச்சையில் சேர்த்திருந்தான்.

மூன்று தடவை அனுப்பியிருந்தான்.

போன் அடித்தது. அண்ணி சிரித்துக்கொண்டே அழுதாள். "பச்சை விழுந்துருச்சு ஆத்தா! கோட்டைப்பட்டினம் பக்கம் ஒதுங்கிருப்பாக. எல்லாரும் வீட்டுக்குப் போயிட்டாக. நான் போய் ஒலை வைக்கிறேன், பசியோட வருவாக."

"இல்ல அண்ணி! வரல! அது தப்பு அண்ணி, நான் தப்பா எழுதிட்டேன்! ஓடுங்க, பீட்டர் அண்ணன்கிட்ட ஓடுங்க!"

"என்னது? காத்துல கேக்கல. ஒன் கருவிதானே சொல்லு..."

அறுந்தது. திரும்பப் போட்டாள். தொடர்பு எல்லைக்கு வெளியே. பீட்டர் அண்ணனுக்குப் போட்டாள். அடித்து அடித்து நின்றது. ரகுநாத் சார். ஸ்விட்ச் ஆஃப்.

எல்லா போனும் அலறினால் போதும். குப்பமே எழுந்துவிடும்.

பெலிக்ஸின் எட்டு வரியைப் பார்த்துப் பார்த்துத் தன் பெயரில் எழுதினாள். அனுப்பினாள். ஐந்து பதினொன்று.

'இன்னொருவர் பார்த்து அப்ரூவ் செய்ய வேண்டும்.'

பெலிக்ஸின் பாஸ்வேர்டைப் போட்டாள். கணக்கு இல்லை. மறுபடி போட்டாள். கணக்கு இல்லை. மறுபடி. மறுபடி.

"பெலிக்ஸ், வாடா. வந்து போடுடா. படிச்சுட்டேன்டா. படிச்சுட்டேன்."

படியில் சத்தம் இல்லை.

ஐந்து இருபத்தைந்து. ரகுநாத் சார், ஸ்விட்ச் ஆஃப். ஐந்து நாற்பது. அண்ணி, எல்லைக்கு வெளியே. மயில் அகவுவதை நிறுத்தியிருந்தது. ஜன்னலில் மலை கறுத்தது. கடலிலும் இருட்டியிருக்கும். விளக்கைப் போட அவள் எழவில்லை. திரை வெளிச்சம் போதும். அந்த ஒரு வரி போதும். இன்னொருவர் பார்க்க வேண்டும். இன்னொருவர்.

ஆறு நான்கு.

மாடிப்படியில் கால். ஈரக் கால். ஒரு படி. பின்னாலேயே இன்னொரு கால். செருப்பு இல்லாதது. வெறும் பாதம். கனமானது. சின்ன வயதிலிருந்து அவளுக்குத் தெரிந்த நடை. வலதுகாலை லேசாக இழுத்து வைக்கிற நடை.

வலை வாடை அறையை நிறைத்தது.

திரையில் ஒரு வரி விழுந்தது. பச்சை.

பெயர் பெலிக்ஸ் இல்லை. படம் இல்லாத வட்டம். அந்தத் தளம் என்னவென்றே தெரியாத ஆளின் பெயர். போனில் இரண்டு பட்டனைத் தவிர எதையும் தொடத் தெரியாத ஆளின் பெயர்.

ஆனந்தராஜ்: பார்த்தாச்சு.

பலகையில் 17 சிவப்பானது. மேசையில் கிடந்த அவள் போன் அலறத் தொடங்கியது. மணமேல்குடியில் எல்லா போனும் அலறிக்கொண்டிருக்கும்.

அவள் திரும்பவில்லை. அலறல் விட்ட சின்ன இடைவெளியில், கதவுக்கு இந்தப் பக்கம், தரையில் தண்ணீர் சொட்டுவது கேட்டது.

இரண்டு இடத்தில்.